பாக்கெட் கால்குலேட்டரில் கலக்கிய பிரிட்டன் ஏன் காணாமல் போனது? நம்ம ஊருக்கு அதில் என்ன பாடம்?

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டைக்குக் கணக்குப் போடுகிறவர் முதல் கடைவீதி மளிகைக் கடைக்காரர் வரை, கால்குலேட்டரை இன்னும் யாரும் கைவிடவில்லை. பையில் ஸ்மார்ட்போன் இருந்தாலும், வேகமாகக் கூட்டுவதற்கு அந்தப் பெரிய பட்டன்கள்தான் வசதி. அதைத் திருப்பிப் பார்த்தால் ஜப்பான் பிராண்ட் பெயர் இருக்கும், இல்லையென்றால் சீனத் தயாரிப்பு என்று இருக்கும். பிரிட்டன் பெயரைத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் இந்தத் தொழிலில் முதலில் முந்திக்கொண்டது பிரிட்டன்தான். அப்புறம் என்னாச்சு?

டிக்கெட் கம்பெனி போட்ட பிள்ளையார் சுழி

பெல் பஞ்ச் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஆரம்பத் தொழில், பயணச்சீட்டில் துளை போடும் கருவி செய்வது. பிறகு கணக்குப் போடும் மெக்கானிக்கல் இயந்திரங்களுக்கு வந்தது. 1961-ல் அது வெளியிட்ட 'அனிடா', முழுக்க எலெக்ட்ரானிக்காக இயங்கிய உலகின் முதல் மேசைக் கால்குலேட்டர். நார்பர்ட் கிட்ஸ் என்ற பொறியாளர் தலைமையில் உருவானது.

அதில் சிப் எல்லாம் கிடையாது. உள்ளே முழுக்கக் கண்ணாடிக் குழாய்கள்தான். மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும் சைஸ். ஆனால் பழைய இயந்திரங்கள் மாதிரி சத்தம் போடாது, வேகமும் அதிகம். சுமார் இரண்டு வருடம் அதற்குப் போட்டியே இல்லை.

சட்டைப் பைக்குள் வந்த சின்க்ளேர்

1971-ல் ஜப்பானின் பிஸிகாம் நிறுவனம் கையடக்கக் கால்குலேட்டரைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பிரிட்டன் பதில் சொன்னது. ரேடியோ கிட்களைத் தபாலில் விற்றுக்கொண்டிருந்த கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம், 1972-ல் 'சின்க்ளேர் எக்ஸிகியூட்டிவ்' மாடலை இறக்கியது. தடிமன் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. எடை சுமார் 70 கிராம். விலை வரி தவிர 79.95 பவுண்ட், அன்றைய நம்ம பணத்தில் சுமார் 1,500 ரூபாய். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம்வரை போய்ச் சேர்ந்த டிசைன் அது.

மற்றவர்களால் முடியாத அளவுக்கு இவ்வளவு மெலிசாக எப்படிச் செய்தார்கள்? ரகசியம் பேட்டரியில் இருந்தது. அன்றைய சிப்கள் மின்சாரத்தைக் குடித்துத் தீர்க்கும். அதனால் பெரிய பேட்டரி வேண்டும், பெட்டியும் பெரிதாகும். சின்க்ளேர் குழு சிப்புக்கு மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுக்காமல், நொடிக்குப் பல முறை விட்டுவிட்டுக் கொடுத்தது. சுவிட்சை அணைத்த பிறகும் சீலிங் ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றுகிறதில்லையா? அதே மாதிரி, மின்சாரம் இல்லாத அந்தக் குட்டி இடைவெளியிலும் சிப்புக்குள் மிச்சமிருக்கும் மின்னூட்டம் எண்களை மறக்காமல் பிடித்து வைத்திருக்கும். செலவு பல மடங்கு குறைந்தது. காது கேட்கும் கருவியில் போடும் பட்டன் பேட்டரியே போதுமானதாக இருந்தது.

1974-ல் இன்னொரு சாதனை. சாதாரணக் கூட்டல், கழித்தலுக்காக வடிவமைத்த சிப்பில் வெறும் 320 கட்டளைகளுக்குத்தான் இடம். அதற்குள் சைன், காஸ், லாக் எல்லாவற்றையும் நைஜல் சீர்ல் அடக்கிக் காட்டினார். அப்படி வந்த 'சின்க்ளேர் சயின்டிஃபிக்' விலை 49.95 பவுண்ட். இதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த அமெரிக்காவின் ஹெச்பி-35 விலை 395 டாலர்!

அப்போ எங்க சறுக்கினாங்க?

புத்திசாலித்தனத்துக்குக் குறைவில்லை. ஆனால் எக்ஸிகியூட்டிவ், சயின்டிஃபிக் இரண்டின் சிப்பும் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்துடையது. அதே 1972-ல் அந்த நிறுவனமே 'டேட்டாமேத்' என்ற பெயரில் சொந்தக் கால்குலேட்டரை விற்க ஆரம்பித்தது. உங்கள் ஹோட்டலுக்கு அரிசி போடுகிறவரே பக்கத்துக் கட்டடத்தில் ஹோட்டல் திறந்தால் எப்படி இருக்கும்? அந்த நிலைமைதான். அவருக்கு அரிசி அடக்க விலையில் கிடைக்கும், உங்களுக்கு லாபம் சேர்த்த விலையில் கிடைக்கும்.

விலைப் போர் தொடங்கியது. 49.95 பவுண்டுக்கு அறிமுகமான சயின்டிஃபிக், 1976-ல் 7 பவுண்டுக்கே கிடைத்தது. இன்னொரு பக்கம், ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் 1973-லேயே எல்சிடி திரைக்கு மாறியது. சிவப்பாக ஒளிரும் எல்இடி திரையைவிட அது மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். சின்க்ளேர் குழு பாடுபட்டுக் கண்டுபிடித்த பேட்டரி டிரிக்குக்கே அதன்பிறகு மதிப்பு குறைந்துபோனது.

அனிடாவை உருவாக்கிய பிரிவை 1973-ல் அமெரிக்காவின் ராக்வெல் வாங்கியது. சின்க்ளேர் 1975-ல் கொண்டுவந்த டிஜிட்டல் வாட்சும் கைகொடுக்கவில்லை. அரசு பணம் போட்டுத் தாங்கிப் பார்த்தது. 1979-ல் கிளைவ் சின்க்ளேரே தன் நிறுவனத்தை விட்டு வெளியேறினார்.

கதை அங்க முடியல

சின்க்ளேரிடம் பல வருடம் வேலை கற்றவர் கிறிஸ் கர்ரி. 1978-ல் அவர் ஹெர்மன் ஹவுசருடன் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம்தான் ஏகார்ன் கம்ப்யூட்டர்ஸ். அங்கே சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் வடிவமைத்த சிப் 1985-ல் வேலை செய்யத் தொடங்கியது. அதன் பெயர் ஆர்ம். இன்று கிட்டத்தட்ட எல்லா ஸ்மார்ட்போனிலும் ஓடுவது அந்த வடிவமைப்பின் வாரிசுதான். கால்குலேட்டர் கம்பெனி போனாலும், அங்கே வளர்ந்த திறமை வீணாகவில்லை.

நம்ம பக்கத்திலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. தூத்துக்குடி மாவட்டம் மூலைப்பொழியில் பிறந்து, கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ஷிவ் நாடார், டெல்லியில் டிசிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டு நண்பர்களுடன் மைக்ரோகாம்ப் என்ற நிறுவனம் தொடங்கி விற்றது கால்குலேட்டர்களைத்தான். அந்த வருமானத்தை வைத்து 1976-ல் ஆரம்பித்ததுதான் எச்சிஎல். கால்குலேட்டர் அவர்களுக்கு ஏணியின் முதல் படியாக மட்டுமே இருந்தது.

இப்போ இதை ஏன் பேசணும்?

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வந்து வடக்கே போனால், கொஞ்ச தூரத்தில் ஐபோன் அசெம்ப்ளி நடக்கும் ஸ்ரீபெரும்புதூர் வந்துவிடும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது சம்பளம் தரும் வேலை. அதைக் குறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் அந்த போனின் சிப்பும் வடிவமைப்பும் வெளியிலிருந்து வருகின்றன. அசெம்ப்ளி மட்டும் என்றால், நாளைக்கு இன்னும் குறைந்த கூலிக்குச் செய்யும் ஊருக்கு லைன் மாறலாம்.

2025 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு செமிகண்டக்டர் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 500 கோடி ரூபாய் என்று அறிவித்தது இந்தக் கவலையால்தான். ஆனால் பணமும் கட்டடமும் மட்டும் போதாது என்பதற்குப் பிரிட்டன் கதையே சாட்சி. அங்கே கடைசியில் கைகொடுத்தது, வேலை செய்த இடத்தில் சிப்பின் நுணுக்கம்வரை கற்றுக்கொண்ட மனிதர்கள்தான். எனவே எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதோடு, உள்ளே போகிறவர்கள் ஐந்து வருடத்தில் என்ன கற்றுக்கொண்டு வெளியே வருவார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.