டின்னோடு சமையல் குறிப்பையும் விற்றவர்கள்

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வீட்டுச் சமையல் அடியோடு மாறிப்போனது. வீடுகளுக்கு மின்சாரம் வந்ததும், பெண்கள் வேலைக்குச் சென்றதும் காரணம் என்பார்கள். உண்மைதான். எனினும் வியாபாரக் கண்கொண்டு பார்க்கையில் எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. அங்குள்ள கம்பனிகள் சாமானை மட்டும் விற்கவில்லை. அதை வைத்து என்ன சமைப்பது என்பதையும் சொல்லிக் கொடுத்தன.

சின்சினாட்டி நகரின் புரொக்டர் அன்ட் கேம்பிள், சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்துவந்த கம்பனி. மின்விளக்கு வரவே மெழுகுதிரி வியாபாரம் சரிந்தது. சவர்க்காரத்திற்குப் பயன்பட்ட பருத்தி விதை எண்ணெயை இறுகவைத்து, 1911இல் 'கிரிஸ்கோ' என்ற சமையல் கொழுப்பாக அது சந்தைக்கு விட்டது. அதுவரை அங்குள்ள அடுப்படிகளில் புழங்கியவை பெரும்பாலும் பன்றிக் கொழுப்பும் பட்டருமே. புதுச் சாமானை யார் நம்புவார்? கம்பனி சமையல் புத்தகங்களை அச்சிட்டது. பன்றியைத் தொடாத யூதக் குடும்பங்களுக்கென 1933இல் இத்திஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் தனிப் புத்தகமே போட்டது. வாடிக்கையாளரின் மார்க்கக் கட்டுப்பாட்டை இடைஞ்சலாகப் பார்க்காமல் சந்தையாகப் பார்த்தார்கள். கெட்டிக்காரர்கள்தான்!

கேம்பல் சூப் கம்பனியின் கதை இன்னும் சுவையானது. 1955இல் அதன் சமையற்கூடத்தில் டோர்கஸ் ரெய்லி என்ற பெண்மணியின் குழு, போஞ்சி, டின் காளான் சூப், பால், பொரித்த வெங்காயம் ஆகியவற்றைச் சேர்த்து அவனில் வேகவைக்கும் பதார்த்தம் ஒன்றை உருவாக்கியது. பெரும்பாலும் வீட்டு அலுமாரியில் கிடக்கும் சாமான்கள். பின்னர் குறிப்பு சூப் டின்னிலேயே அச்சானது. இன்று நவம்பர் மாத நன்றி நவிலல் விருந்தில் பல வீடுகளில் அது இல்லாமல் முடியாது. கம்பனி சமையற்கூடத்தில் பிறந்தது, குடும்பச் சமையலாகிவிட்டது.

உறையவைத்த உணவுக்குக் குறிப்பு மட்டும் போதவில்லை. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐயின் முறையில் உறைந்த மரக்கறியும் மீனும் 1930இல் மசசூசெட்ஸ் மாநில ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் விற்பனைக்கு வந்தன. ஆனால் அவற்றை வைக்கும் பெட்டி கடைக்காரர்களிடம் இல்லை, வாங்கவும் வசதியில்லை. 1934இல் மலிவான பெட்டிகள் வாடகைக்குக் கொடுக்கப்பட்டன. சில்லறைக் கடைக்காரரின் கஷ்டத்தைப் புரிந்துகொண்ட இந்த ஏற்பாடு, எனக்கு விளம்பரங்களைவிடப் பெரிதாகப் படுகிறது.

கிரிஸ்கோ கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. ஆரோக்கியமானது என்று புகழ்ந்து விற்கப்பட்ட அந்தக் கொழுப்பில் இருந்த 'டிரான்ஸ்' கொழுப்பு இதயத்துக்குக் கெடுதி என்பது 1990களில் தெளிவாயிற்று. 2002இல் புரொக்டர் அந்த வர்த்தகப் பெயரை ஸ்மக்கர் கம்பனிக்கு விற்றது. 2015இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவ்வகை எண்ணெய்களை உணவிலிருந்து அகற்றுமாறு பணித்தது. கிரிஸ்கோ இன்றும் கடைகளில் இருக்கிறது, சேர்மானம் மாற்றப்பட்டு.