ஊரைப் பற்றித் தேடும் மாணவர்கள்

இணையத்தில் தகவல் திரட்டும் மாணவர் ஒரு பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது, அது எழுதப்பட்ட தேதி. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ‘எங்கள் ஊரின் தொழிற்சாலைகள்’ என்று ஆசிரியர் ஒரு செயல்திட்டம் கொடுத்தால், நோக்கியா ஆலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருவதாகச் சொல்லும் பழைய கட்டுரைகளும் தேடலில் அகப்படும். 2006ல் தொடங்கிய அந்த ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. 2019ல் அதை சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. பழைய கட்டுரையில் பொய் ஏதும் இல்லை. அதற்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். அதே 2019ல்தான் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. எனவே, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்ட மொத்தத்தை இன்றைய காஞ்சிபுரத்தின் கணக்காக எழுதினால் தவறாகிவிடும்.

இரண்டு பக்கங்கள் இரண்டு ஆண்டுகளைச் சொன்னால் ஒன்று தவறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஹூண்டாய் பற்றித் தேடினால் 1996, 1998 இரண்டும் வரும். இந்தியாவில் நிறுவனம் தொடங்கியது முதல் ஆண்டு. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது இரண்டாவது ஆண்டு. இராமானுசர் விஷயம் வேறு வகை. அவர் ஸ்ரீபெரும்புதூரில் 1017ல் பிறந்தார் என்பது மரபு. ஆய்வாளர்கள் சிலர் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தே பிறந்தார் என்கிறார்கள். இங்கே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட, யார் எதைச் சொல்கிறார்கள் என்று இரண்டையும் எழுதுவதே சரியான விடை.

தேடும் சொல்லிலும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், திருப்பெரும்புதூர், ஒரகடம், ஓரகடம் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். ஓர் எழுத்துமுறையில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும். ஆங்கில எழுத்திலும் தேடிப் பார்க்கலாம். சொற்றொடரை மேற்கோள்குறிக்குள் இட்டால் அதே வரிசையில் சொற்கள் உள்ள பக்கங்கள் வரும். அரசின் புள்ளிவிவரம் வேண்டுமென்றால், முகவரியின் தளப்பெயர் ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது அந்த எழுத்துகள் இருந்தால் போதாது. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. விக்கிப்பீடியா தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் கட்டுரையின் அடியில் உள்ள சான்றுகள் வரை போய்ப் பார்ப்பவருக்குத்தான் அது முழுதாகப் பயன்படும்.

படமும் வீடியோவும் எழுத்தைவிட எளிதில் ஏமாற்றும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. வடமாநிலத்தவர் ஏராளமாக வேலை செய்யும் ஸ்ரீபெரும்புதூர் போன்ற பகுதிகளுக்கு அது வெறும் வதந்தி அல்ல, பிழைப்பையே உலுக்கும் செய்தி. பரவியவற்றில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவரிடையே நடந்த தகராறு என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. இதுபோன்ற வீடியோவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் உண்மை புலப்படாது. அதிலிருந்து ஒரு காட்சியைப் படமாக எடுத்து, கூகுள் லென்ஸில் இட்டு, முன்பு எங்கே வந்தது என்று தேட வேண்டும். வேறு செய்தி நிறுவனங்கள் என்ன சொல்கின்றன என்றும் பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் பதிலுக்கும் இந்தச் சோதனை தேவை. இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் பதிப்பாண்டும் சேர்த்து, அவை சரளமாகச் சொல்லிவிடும்.

பாதுகாப்பு என்றதும் ஆபாசத் தளங்களைத் தடுப்பது மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் பணத்துக்கும் ஆபத்து உண்டு. பல வீடுகளில் இருப்பது ஒரே போன்; ஷிஃப்ட் முடிந்து அம்மாவோ அப்பாவோ வந்த பிறகுதான் அது பிள்ளையின் கைக்கு வரும். யுபிஐ செயலியும் வங்கிக் குறுஞ்செய்திகளும் அதிலேயே இருக்கும். ‘இலவசப் பாடக்குறிப்பு’ என்று வரும் ஏபிகே கோப்பை நிறுவினால் பாடத்தோடு பணமும் போகும். பிள்ளைக்கென்று தனிக் கணக்கு, பணச் செயலிகளுக்குத் தனிப் பூட்டு, தேடுபொறியில் பாதுகாப்புத் தேடல் ஆகியவற்றை அமைக்கச் சில நிமிடங்கள் போதும். தொழிற்சாலையில் வேலை என்று ஆதார் படமும் முன்பணமும் கேட்கும் விளம்பரங்கள் பிளஸ் டூ மாணவர்களைக் குறிவைக்கும். பள்ளிப் பெயர், வீட்டு முகவரி, போய்வரும் நேரம், ஓடிபி எதையும் முன்பின் தெரியாதவருக்குத் தரக் கூடாது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆனால் பிறந்த ஆண்டை மாற்றிப் பதிவு செய்யும் பிள்ளைக்கு அந்தக் காப்பு கிடைப்பது கடினம்.

பணம் போனால் உடனே 1930க்கும், பிள்ளையை யாராவது மிரட்டினால் 1098க்கும் அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். விஷயத்தைச் சொன்னதும் போனைப் பிடுங்கிக்கொள்ளும் வீட்டில், அடுத்த முறை பிள்ளை வாய் திறக்காது. பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடவும் கூடாது. அனுப்பியவரின் எண், கணக்கின் பெயர், நாள், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தபின் அந்தக் கணக்கை பிளாக் செய்ய வேண்டும்.