முன்மாதிரி (பொருள் வடிவமைப்பு)

பொருள் வடிவமைப்பில் முன்மாதிரி என்பது, ஒரு பொருளைப் பெருமளவில் உற்பத்தி செய்வதற்கு முன் அதன் வடிவமைப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காகச் செய்யப்படும் தொடக்கநிலைப் பொருள் ஆகும். வரைபடத்தில் புலப்படாத பல குறைகள், பொருளைக் கையில் எடுத்துப் பயன்படுத்தும்போது வெளிப்படுகின்றன. உற்பத்திக்கான அச்சு செய்த பின் ஒரு குறையைத் திருத்துவது பெருஞ்செலவாகும். அட்டையில் செய்த முன்மாதிரியைத் திருத்தக் கத்தரிக்கோல் போதும்.

வகைகள்

தோற்ற முன்மாதிரி பொருளின் உருவம், அளவு, நிறம் ஆகியவற்றை மட்டும் காட்டும். செயல் முன்மாதிரி பொருள் இயங்கும் முறையைக் காட்டும். அதன் தோற்றம் எவ்வாறும் இருக்கலாம். தொடக்கத்திலேயே இரண்டையும் ஒன்றாக இணைத்தால், குறை எதனால் நேர்ந்தது எனப் பிரித்தறிதல் கடினம். எனவே இவை தனித்தனியே செய்யப்பட்டு, இறுதிக் கட்டத்தில் இணைக்கப்படுகின்றன.

செய்முறையும் மெருகேற்றலும்

முதல் மாதிரிகள் அட்டை, தெர்மாகோல், களிமண் போன்றவற்றாலும், அடுத்தவை மரம், நெகிழி அல்லது முப்பரிமாண அச்சு முறையாலும் செய்யப்படுகின்றன. மேற்பரப்பில் உள்ள பள்ளங்கள் பட்டி பூசி நிரப்பப்படும். காய்ந்த பின் 120, 220, 400 என எண் ஏறும் வரிசையில் உப்புத்தாளால் தேய்க்கப்படும். எண் கூடக்கூடத் தாளின் சொரசொரப்பு குறையும். பின்னர் பூசப்படும் பிரைமர், கண்ணுக்குத் தப்பிய கீறல்களைக் காட்டிக்கொடுக்கும். வண்ணத்தைத் தடித்து ஒரே முறையாகப் பூசாமல், மெல்லிய பல பூச்சுகளாகப் பூச வேண்டும். தெர்மாகோல் மீது தின்னர் கலந்த வண்ணத்தை நேரடியாகப் பூசினால் அது கரைந்துவிடும்.

எடுத்துக்காட்டு: மின்னணு வாக்கு இயந்திரம்

இந்திய மின்னணு வாக்கு இயந்திரத்தின் முன்மாதிரியை ஐதராபாத்திலுள்ள இந்திய மின்னணுக் கழகம் 1979-இல் உருவாக்கியது. 1980 ஆகஸ்ட் 6 அன்று அது அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகளுக்கு இயக்கிக் காட்டப்பட்டது. பின்னர் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இணைந்தது. அங்கு பொறியாளராக இருந்த எழுத்தாளர் சுஜாதா இப்பணியில் பங்காற்றினார். புறவடிவத்தை மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மைய ஆசிரியர்கள் அமைத்தனர். எழுத்தறியாதவரும் சின்னத்துக்கு நேரான பொத்தானை அழுத்தி வாக்களிக்கலாம். மின்கலத்தில் இயங்குவதால் மின்சாரமில்லாத ஊரிலும் பயன்படும்.

1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இது முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. ஆனால் அன்றைய சட்டம் இயந்திர வாக்குப்பதிவுக்கு இடமளிக்கவில்லை எனக் கூறி, 1984-இல் உச்ச நீதிமன்றம் அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. 1988 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் திருத்தணி உட்படத் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் இவ்வியந்திரமே பயன்பட்டது.

பயன்பாட்டுச் சூழலில் சோதனை

முன்மாதிரி, எந்தச் சூழலில் சோதிக்கப்படுகிறதோ அச்சூழலுக்குரிய குறைகளையே காட்டும். எனவேதான் வாக்கை உறுதிசெய்யும் தாளை அச்சிடும் கருவி, 2011 ஜூலையில் லடாக்கின் குளிர், ஜெய்சால்மரின் வெப்பம், சிரபுஞ்சியின் மழை ஆகியவற்றிலும், திருவனந்தபுரத்திலும் கிழக்கு தில்லியிலும் சோதிக்கப்பட்டது. வடிவமைப்பு திருத்தப்பட்டு, 2012-இல் மீண்டும் சோதனை நடைபெற்றது. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நொக்சென் தொகுதி இடைத்தேர்தலில் இக்கருவி முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது.