திரும்பி வந்த பார்சலுக்கும் தீர்வையா?

வெளிநாட்டுக்கு அனுப்பிய பார்சல் விலாசதாரர் கைக்குப் போய்ச் சேராமல் திரும்பி வந்தால், அனுப்பியவருக்குப் போகிற தபால் செலவு நஷ்டம். சரக்கும் விலை போகவில்லை. இதற்கு மேல், திரும்பி வந்த பார்சலோடு தபால்காரர் இறக்குமதித் தீர்வைச் சீட்டையும் நீட்டினால் என்ன செய்வது? நம் ஊரில் நாமே செய்து அனுப்பிய பொருளுக்கு நாமே இறக்குமதி வரி கட்டுவதா என்று கோபப்பட்டுப் பார்சலை வாங்க மறுத்துவிடுவோர் சிலர். வம்பு வேண்டாம் என்று பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு புலம்புவோர் பலர். இரண்டுமே சரியான வழி அல்ல. ஆட்சேபணை செய்ய வழி இருக்கிறது. அதற்கு உரிய நேரமும் உரிய காகிதங்களும் உண்டு.

ஓர் உதாரணம். திருச்செந்தூர் வட்டாரத்தில் பனை மரங்கள் வைத்திருக்கும் சிறு விவசாயக் குடும்பம் ஒன்று, பனையோலைப் பெட்டிகள் இருபதை ஜெர்மனியிலுள்ள ஒருவருக்குத் தபாலில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கின் மதிப்பு 6,000 ரூபாய். விலாசத்தில் வீட்டு எண் விட்டுப் போயிற்று. பார்சல் அங்குள்ள தபாலாபீஸில் சில நாள் கிடந்துவிட்டுத் திரும்பி வருகிறது. கூடவே 1,900 ரூபாய்க்குச் சீட்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 20-வது பிரிவின்படி, இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகித் திரும்பி வரும் பொருளும் மற்ற இறக்குமதிப் பொருளைப் போலவே தீர்வைக்கு உட்பட்டது. சட்டத்தின் கண்ணுக்கு ஊர் திரும்பிய பிள்ளையும் ஒன்றுதான், புதிதாக வந்த விருந்தாளியும் ஒன்றுதான். ஆகவே சீட்டு போட்ட அதிகாரி சட்டத்தை மீறிவிட்டார் என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை.

ஆனால் சட்டம் அத்தோடு நிற்கவில்லை. திரும்பி வரும் பொருளுக்கு விலக்கு அளிக்கும் அரசு அறிவிக்கை நெடுங்காலமாக உண்டு. 1996-இல் வந்த அறிவிக்கைக்குப் பதிலாக, ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது 2017 ஜூன் 30 தேதியிட்டு 45/2017 என்ற எண்ணில் புதிய அறிவிக்கை வெளியாயிற்று. இதன் சாரம் இதுதான்: ஏற்றுமதியாகி மூன்று ஆண்டுக்குள் பொருள் திரும்ப வேண்டும். போன பொருளும் வந்த பொருளும் ஒன்றே என்று சுங்க உதவிக் கமிஷனர் அல்லது துணைக் கமிஷனர் திருப்தி அடைய வேண்டும். ஏற்றுமதியைக் காட்டி அரசிடம் எந்தச் சலுகையும் பெறாதிருந்தால் தீர்வை இல்லை. சலுகை பெற்றிருந்தால், அதாவது டிராபேக் தொகையோ ஐ.ஜி.எஸ்.டி. வரித் திருப்பமோ வாங்கியிருந்தால், அந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். வரி கட்டாமல் உறுதிப் பத்திரம் கொடுத்து ஏற்றுமதி செய்தவர், அப்போது கட்டாமல் விட்ட வரியைக் கட்ட வேண்டும். பனையோலைப் பெட்டி அனுப்பிய குடும்பம் இவற்றில் எதையும் பெறவில்லை. ஆகவே 1,900 ரூபாயும் விலக்குக்கு உரியது.

அப்படியானால் சீட்டு ஏன் வந்தது? விலக்குத் தானாக வருவதில்லை; கேட்டுப் பெற வேண்டியது. தபால் பையில் வந்து குவியும் நூற்றுக்கணக்கான பார்சல்களில் சுங்க அதிகாரி பார்ப்பது மேலே ஒட்டியிருக்கும் சீட்டைத்தான். அதில் பொருளின் பெயரும் 6,000 ரூபாய் மதிப்பும் இருக்கின்றன. அது திரும்பி வந்த பார்சல் என்பது கண்ணில் படாமல் போனால், வெளிநாட்டிலிருந்து வரும் சரக்காகவே கணக்கிடப்படும். எனவே ஆட்சேபணை என்பது அதிகாரியோடு வழக்காடுவது அல்ல. அவர் கண்ணில் படாததை எழுத்தில் காட்டுவதுதான்.

பார்சலே சாட்சி

சீட்டு வந்ததும் பார்சலின் மேற்புறத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். பதிவான வெளிநாட்டுத் தபால்களுக்கு 13 இடம் கொண்ட எண் உண்டு. முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், முடிவில் இரண்டு எழுத்து. கடைசி இரண்டு எழுத்தும் பார்சல் எந்த நாட்டில் பதிவாயிற்று என்பதைக் காட்டும். ஐ.என். என்று முடிந்தால் அது இந்தியாவில் பதிவானது. அந்த எண்ணோடு வந்த பார்சல் வெளிநாட்டார் புதிதாக அனுப்பிய சரக்காக இருக்க முடியாது. இதைவிட எளிய சாட்சி வேறில்லை.

அடுத்து, பட்டுவாடா ஆகாத தபாலைத் திருப்பும் நாடு அதன் மேல் சி.என்.15 என்ற சீட்டை ஒட்டும். 'ரெத்தூர்' என்ற பிரெஞ்சுச் சொல் அதில் இருக்கலாம். திரும்புகிறது என்று பொருள். பெறுபவர் தெரியவில்லை, வாங்க மறுத்தார், வந்து வாங்கவில்லை, விலாசம் போதாது என்ற காரணங்களில் ஒன்றுக்கு எதிரே குறி இருக்கும். இந்தச் சீட்டைக் கிழிக்காமல் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விலாசதாரர் பார்சலை வாங்கிப் பிரித்துப் பார்த்து, பிடிக்காமல் தாமே ஒரு புதிய பார்சலாகத் திருப்பி அனுப்பினால் கதை வேறு. அப்போது எண் ஜெர்மனியைக் குறிக்கும் டி.இ. என்று முடியும். விலக்கு அதற்கும் கேட்கலாம்; ஆனால் நிரூபிக்கும் பாரம் கூடும். அனுப்புகிறவர் சுங்கப் படிவத்தில் 'திருப்பிய சரக்கு' என்ற கட்டத்தில் குறியிட்டு, பழைய பார்சல் எண்ணையும் எழுதும்படி முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. 'விற்பனைச் சரக்கு' என்று அவர் குறித்துவிட்டால் சிக்கல்தான்.

பணம் கட்டும் முன்பே

ஆட்சேபணைக்கு நல்ல நேரம், பார்சல் இன்னும் தபாலாபீஸில் இருக்கும்போதுதான். பார்சலைப் பெற்றுப் பிரித்துவிட்டால், இதே பெட்டிகள்தான் உள்ளே இருந்தன என்று காட்டுவது கடினம். ஆகவே தபாலதிபரிடம் எழுத்து மூலம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, பார்சலைப் பிரிக்காமல் நிறுத்தி வைப்பது. இரண்டு, தீர்வையை மறுபரிசீலனை செய்யக் கோரும் மனுவை, தீர்வை விதித்த வெளிநாட்டுத் தபாலக சுங்க அதிகாரிக்கு அனுப்பி வைப்பது. எத்தனை நாள் நிறுத்தி வைப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டு, மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். தீர்வை விதித்தது சென்னையா, மும்பையா, டில்லியா என்பது சீட்டிலேயே இருக்கும். திருச்செந்தூர்ப் பார்சல் என்பதால் சென்னை வழியாகத்தான் வந்திருக்கும் என்று நினைத்து மனுவை அங்கே அனுப்பிவிடக் கூடாது.

இந்தக் காரியத்தில் தபால் இலாகாவுக்கும் பங்கு உண்டு. 1874-இல் அமைந்த உலக தபால் சங்கத்தில் இந்தியா 1876 முதல் உறுப்பு நாடு. அனுப்பிய நாட்டுக்கே திரும்பும் தபால்களின் மீதான சுங்கக் கட்டணங்களை ரத்து செய்யும்படி, தபால் நிர்வாகங்கள் தத்தம் நாட்டு அதிகாரிகளிடம் கோர வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் விதி. இதை மனுவில் ஒரு வரி குறிப்பிடுவது நல்லது. கிளைத் தபாலாபீஸில் இது பலருக்குத் தெரிந்திருக்காது.

மனு நீளமாக இருக்கத் தேவையில்லை. கீழ்க்கண்ட மாதிரி போதும்:

"இன்ன எண்ணுள்ள பார்சல் இன்ன தேதியில் இன்ன தபாலாபீஸில் என்னால் பதிவு செய்யப்பட்டு, விலாசதாரருக்குப் பட்டுவாடா ஆகாமல் திரும்பி வந்துள்ளது. உள்ளே இருப்பவை நான் அனுப்பிய அதே பொருட்கள். இந்த ஏற்றுமதிக்காக டிராபேக், வரித் திருப்பம் முதலிய சலுகை எதையும் நான் பெறவில்லை. வரி கட்டாமல் உறுதிப் பத்திரத்தின் பேரிலும் அனுப்பவில்லை. ஆகவே மறு இறக்குமதிக்கு உரிய விலக்கின்படி தீர்வையை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன். விலக்கு மறுக்கப்பட்டால் காரணத்துடன் எழுத்து மூலம் உத்தரவு தரவும்."

கடைசி வரி முக்கியம். எழுத்தில் உத்தரவு இல்லாமல் மேல்முறையீட்டுக்குப் போவது சிரமம்.

மனுவோடு பதிவு ரசீது, சுங்கப் படிவமான சி.என்.22 அல்லது சி.என்.23-இன் நகல், விலைப்பட்டியல், தபால் இலாகாவின் கணினிப் பக்கத்தில் பார்சல் போய்த் திரும்பிய விவரத்தின் அச்சு, சி.என்.15 சீட்டின் படம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். விற்பனைக்காக அனுப்பியதானால் தபால் ஏற்றுமதிப் பத்திரம் இருக்க வேண்டும். 2022 முதல் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற தபால் ஏற்றுமதி மையங்களில் இதைக் கணினி வழியாகவே போட முடிகிறது. ஏற்றுமதியாயிற்று என்பதற்கு இதுவே நேர்ச் சான்று. விற்பனைச் சரக்கை அன்பளிப்பு என்று எழுதி அனுப்பியவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார். அன்றைக்கு மிச்சமானது கொஞ்ச நேரம். இன்றைக்குக் கையில் சான்று இல்லை.

அதே பொருள் என்று காட்டுவது

விவசாயப் பொருளுக்கு உள்ள தனித் தொல்லை இது. இயந்திரமானால் வரிசை எண் பொறித்திருக்கும். ஒரு பனையோலைப் பெட்டிக்கும் இன்னொன்றுக்கும், ஒரு மஞ்சள் தூள் பொட்டலத்துக்கும் மற்றதற்கும் என்ன வித்தியாசம்? ஆகவே அனுப்பும் நாளிலேயே அடையாளம் வைக்க வேண்டும். பெட்டியின் அடியில் எண்ணிட்ட சிறு துண்டுச் சீட்டு, பொட்டலத்தில் அரைத்த தேதி, தொகுதி எண், நிகர எடை ஆகியவை இருந்து, விலைப்பட்டியலிலும் அதே எண்கள் இருந்தால் கேள்விக்கே இடமில்லை. கட்டும் முன் ஒரு படம், கட்டிய பின் ஒரு படம். பதிவு ரசீதிலுள்ள எடையும் திரும்பி வந்த பார்சலின் எடையும் ஒத்திருந்தால் அதுவும் சாட்சிதான். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் பெரும்பாலோர் செய்வதில்லை.

உணவுப் பொருள், விதை, நாற்று ஆகியவற்றில் கூடுதல் எச்சரிக்கை தேவை. தீர்வை விலக்கு வேறு, உணவுப் பாதுகாப்பு மற்றும் தாவர நோய்த்தடுப்புச் சோதனை வேறு. சுங்கத்தில் விலக்குக் கிடைத்தாலும் அந்த இலாகாக்கள் நிறுத்தி வைத்தால், அதற்கு இந்த மனு உதவாது.

பணம் கட்டியாகிவிட்டால்

அவசரத்தில் கட்டியவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை, குறுகிவிடுகிறது. சுங்கச் சட்டம் 27-வது பிரிவின்படி, கட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தீர்வையைத் திருப்பிக் கேட்கலாம். ஆட்சேபணையின் பேரில் கட்டுவதாக எழுதிக் கொடுத்துக் கட்டியிருந்தால் அந்த ஓராண்டு வரம்பு கிடையாது. 100 ரூபாய்க்குக் குறைந்த தொகை திரும்பாது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் ஐ.டி.சி. கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பின்படி, தீர்வை விதித்த உத்தரவு மேல்முறையீட்டிலோ சட்டத்திலுள்ள வேறு திருத்த வழியிலோ மாற்றப்படாத வரை, திருப்பிக் கேட்கும் மனு மட்டும் பலன் தராது. ஓராண்டு இருக்கிறதே என்று காத்திருப்பவர் இதனால் ஏமாந்து போகிறார். மேல்முறையீட்டுக்கு உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 60 நாள்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள் வரை ஏற்கலாம். அதற்கு மேல் இல்லை. மனு போக வேண்டிய இடம் சுங்கக் கமிஷனர் (மேல்முறையீடு), படிவம் சி.ஏ.1.

முந்நூறு ரூபாய்ச் சீட்டுக்காகப் பஸ் ஏறிச் சென்னைக்கு அலைவது கட்டுபடியாகாது. ஆனால் தபாலதிபரிடம் கொடுக்கும் முதல் மனுவுக்குச் செலவு ஒரு தாள்தான். அதை எவரும் கொடுக்கலாம்.

தீர்வை அல்லாதவை

சீட்டில் கேட்கும் தொகை முழுதும் தீர்வை என்று எண்ணக் கூடாது. திரும்பி வந்த தபால் செலவும், சுங்கத்துக்குக் காட்டியதற்கான தபால் இலாகாவின் கட்டணமும் சேர்ந்திருக்கலாம். சுங்க அதிகாரி ரத்து செய்யக்கூடியது தீர்வையையும் ஐ.ஜி.எஸ்.டி.யையும்தான். மற்றவற்றைத் தபால் இலாகாவிடம் கேட்க வேண்டும். பார்சலைத் திருப்பிக் கொணர்ந்த செலவு பொதுவாக அனுப்பியவரையே சேரும்.

நாட்டை விட்டே போகாத பார்சலுக்கு இறக்குமதி என்ற பேச்சே எழாது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான சரக்குக்குத் தந்துவந்த தீர்வை விலக்கை நிறுத்தியதை அடுத்து, 2025 ஆகஸ்ட் 25 முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை இந்திய தபால் இலாகா அந்நாட்டுக்குப் பெரும்பாலான பார்சல்களை ஏற்கவில்லை. முன்பே பதிவாகி இங்கேயே தங்கிவிட்ட பார்சல்களுக்குத் தபால் செலவைத் திருப்பிக் கேட்கலாம் என்று அப்போது அறிவித்தது.

தனியார் கூரியரில் திரும்பி வந்தால் முறை மாறுகிறது. திரும்பும் சரக்குக்குக் கூரியர் கம்பெனி புது எண் போடுவதுண்டு. தீர்வையைத் தானே கட்டிவிட்டுப் பிறகு பில் அனுப்புவதும் உண்டு. ஆகவே சரக்குத் திரும்புகிறது என்று தெரிந்த அன்றே, பழைய எண்ணையும் ஏற்றுமதிப் பத்திர நகலையும் அனுப்பி, மறு இறக்குமதி விலக்கின் கீழ் விடுவிக்கும்படி எழுத வேண்டும். விமானம் இறங்கிய பிறகு எழுதும் கடிதம் பெரும்பாலும் பில்லுக்குப் பின்னால்தான் போய்ச் சேரும்.

பொருளின் மதிப்பு மிகக் குறைவானால், திரும்பி வராமலே செய்துவிடலாம். பார்சல் பதிவுப் படிவத்தில், பட்டுவாடா ஆகாவிட்டால் என்ன செய்வது என்ற பகுதி உண்டு. பலர் அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 'கைவிட்டதாகக் கருதவும்' என்ற கட்டத்தில் குறியிட்டால் சரக்குப் போனது போனதுதான். திரும்பும் செலவும் இல்லை, தீர்வையும் இல்லை. குறியிடாமல் விட்டுச் சரக்கு திரும்பி வந்துவிட்டால், சுங்கம் விடுவிக்கும் உத்தரவு போடுவதற்கு முன் உரிமையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்து, 23-வது பிரிவின்படி தீர்வையிலிருந்து தப்பலாம்.