மரம் கல்லாவது எப்படி?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று கிடக்கிறது. பார்வைக்கு மரம், தொட்டால் கல். 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரெட்டேசியஸ் காலத்து மரம் அது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை வெளியுலகுக்கு அறிவித்தார். அப்பகுதிப் பாறைகளில் கடல்வாழ் உயிரினங்களின் ஓடுகள் ஏராளம். கரையில் வளர்ந்த மரம் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கடலடியில் புதைந்திருக்கிறது.

செத்த உயிர் எதுவும் பொதுவாக மிஞ்சுவதில்லை. விலங்குகள் தின்பது போக எஞ்சியதைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் மட்கச் செய்துவிடும். புதைபடிவம் உருவாக வேண்டுமானால், உடல் மட்குவதற்குள் வண்டல் மூடிவிட வேண்டும். ஆக்சிஜன் புகாத சேற்றுக்குள் மட்குவது மெதுவாகும். ஓடு, எலும்பு, பல், மரக்கட்டை போன்ற உறுதியான பாகங்கள் தாக்குப்பிடிக்கும். சதை பெரும்பாலும் அழிந்துவிடும்.

கொல்லிமலையில் ஏன் இல்லை?

தமிழகத்தின் பெரும்பகுதி பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான மிகப் பழைய பாறைகளால் ஆனது. கொல்லிமலையும் அப்படித்தான். அங்கே புதைபடிவத்துக்கு வாய்ப்பில்லை. இந்திய நிலம் அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் தாழ்ந்து, இன்றைய அரியலூர், பெரம்பலூர் பகுதிகளில் கடல் புகுந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் அங்கே படிந்து இறுகிப் பாறையாயின. 1860-களில் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பாறை அடுக்குகளை வகைப்படுத்தினார். தொல்லுயிரியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவற்றிலுள்ள உயிரினங்களை விவரித்தார். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. அரியலூர் சிமெண்டுக்கு மூலப்பொருளும் அந்தக் கல்தான்.

கட்டைக்குள் கல்

புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் ஊறுகிறது. மணலிலிருந்தோ எரிமலைச் சாம்பலிலிருந்தோ கரைந்த சிலிக்கா அந்நீரில் இருக்கும். அது மரத்தின் நுண்ணறைகளின் சுவர்களில் படிந்து, உள்ளிருக்கும் வெற்றிடத்தையும் நிரப்பி, காலப்போக்கில் குவார்ட்ஸாக மாறுகிறது. கட்டையின் பொருள் பெரும்பாலும் போனாலும் அமைப்பு நிற்கிறது. அதனால்தான் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக் கல்மரங்களை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, எந்த வகை மரம் என்று சொல்ல முடிகிறது. சிலிக்கா படிய எப்போதும் கோடி ஆண்டுகள் வேண்டுமென்பதில்லை. ஜப்பானின் தாத்தேயாமா வெந்நீரூற்று நீரில் இட்டுவைத்த மரத்துண்டுகளில் 7 ஆண்டுகளுக்குள்ளேயே கணிசமான சிலிக்கா ஏறியிருந்தது.

ஓடுகளின் கதை வேறு. கணவாயின் தூரத்து உறவான அம்மோனைட், சுருள் வடிவ ஓட்டுக்குள் வாழ்ந்தது. ஓட்டின் அரகொனைட் கனிமம் நிலையற்றது. கால்சைட்டாக மாறும், அல்லது கரைந்துபோகும். கரைந்தால் பாறையில் அதன் அச்சு மட்டும் எஞ்சும். உள்ளே புகுந்த சேறு இறுகியிருந்தால், ஓடே இல்லாமல் சுருள் வடிவக் கல் கிடைக்கும்.

சில உயிரினங்கள் மட்கும்போது சுற்றியுள்ள சேற்றின் வேதியியல் மாறி, சுண்ணாம்பு திரண்டு உருண்டையாக இறுகுகிறது. 2020-இல் குன்னம் அருகே கிடைத்த பெரிய உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று பலர் நம்பினர். அவை அம்மோனைட்டுகளோடு தொடர்புடைய கடற்படிவுகள் என்று வல்லுநர்கள் விளக்கினர்.

இடம்தான் சாட்சி

கடல் விலகி, மழை மேற்பரப்பை அரிக்கும்போது புதையுண்டவை வெளியே வருகின்றன. காரை கிராமத்தையொட்டிய செம்மண் ஓடைகளில் இது இன்றும் நடக்கிறது. வெளியே வந்ததை அதே மழை சிதைக்கவும் செய்யும் என்பதால், அவற்றைச் சேகரிப்பது அவசரமான வேலை. ஆனால் அதை முறையறிந்தவர்கள் செய்ய வேண்டும். ஓர் ஓட்டின் வயதையும் அது வாழ்ந்த கடலின் ஆழத்தையும் சொல்வது, அது எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்ற விவரம். பெயர்த்து வீட்டு அலமாரியில் வைத்துவிட்டால் அந்த விவரம் அழிந்துவிடும். எந்த ஆய்வகத்தாலும் அதை மீட்க முடியாது.

எனவே புதைபடிவம் கண்ணில் பட்டால் பெயர்க்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை சாத்தனூருக்கு அழைத்துச் செல்லுங்கள். தங்கள் மாவட்டம் கடலாக இருந்ததை நேரில் கண்டறிந்த பிள்ளைகள், வளர்ந்தபின் அந்தப் பாறைகளுக்காகப் பேசுவார்கள்.