முகிற் கணிமை: வணிகர் நோக்கும் பொறியியலாளர் நோக்கும்

கணினியை விலைக்கு வாங்கித் தம்மிடத்தே வைத்திராது, அதன் வேலைத்திறனை மாத்திரம் வேண்டியபோது வாடகைக்குப் பெறும் முறையே முகிற் கணிமை எனப்படும். முகிலுக்கும் கணினிக்கும் இயைபு யாதென ஐயுறுவார் உளர். தொடர்பாடற் பொறியியலாளர் தம் வரைபடங்களிலே, உள்ளே நிகழ்வதை விரித்துரைக்க வேண்டாத வலையமைப்புப் பகுதியை ஒரு முகில் வடிவினாற் குறித்து வந்தனர். அக்குறியே பின்னர்ப் பெயராயிற்று. பெயர் வானத்தை நினைவூட்டினும் பொருள் மண்மேலேயே உள்ளது. பெருங் கட்டடங்களில் வரிசை வரிசையாக அடுக்கப்பெற்ற கணினிகளும், அவற்றை இயக்கும் மின்சாரமும், வெப்பந் தணிக்கும் பொறிகளும், அவற்றைக் காத்துப் பராமரிக்கும் ஊழியரும் ஒருங்கு சேர்ந்ததே அம்முகில். இதனை வணிகர் ஒருவாறு நோக்குவர். மென்பொருட் பொறியியலாளர் பிறிதொருவாறு நோக்குவர். இவ்விரு நோக்கும் எவ்விடத்து ஒன்றுபடுகின்றன, எவ்விடத்து வேறுபடுகின்றன, இரண்டும் காணத் தவறுவது யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

கணிப்பைப் பொதுப்பயன் சேவையாக்கும் எண்ணம் புதியதன்று. 1961 ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவில் உரையாற்றிய ஜோன் மக்கார்த்தி என்னும் அறிஞர், தொலைபேசிச் சேவை போலக் கணிப்பும் ஒருநாட் பொதுப்பயன் சேவையாக அமையக்கூடும் என்று கூறினார். ஒரு பெருங் கணினியைப் பலர் நேரம் பகிர்ந்து பயன்படுத்தும் முறை அக்காலத்திலேயே முளைவிட்டது. ஒரு கணினியைப் பல கணினிகள் போலத் தொழிற்படச் செய்யும் மெய்நிகர்ப் பொறி முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1972 இல் தன் வி.எம். 370 வாயிலாக வெளியிட்டது. இதனை விளக்க யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணறு தக்க உவமையாகும். பங்காளர் ஒவ்வொருவரும் தத்தம் முறைநாளிலே கிணறு முழுவதும் தமதேபோல நீர் இறைப்பர். மெய்நிகர்ப் பொறியிலோ அம்முறை ஒரு நொடியிற் பன்முறை மாறிமாறி வருதலால், ஒவ்வொருவரும் எந்நேரமும் தனிக் கிணறு உடையார் போலவே இருப்பர்.

இவ்வெண்ணம் பெருவணிகமாக மலர்ந்தது 2006 இலாகும். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அமேசன் நிறுவனம் தரவுகளைச் சேமித்து வைக்கும் சேவையொன்றைத் தொடங்கி, ஒரு கிகாபைற்றுக்கு மாதமொன்றுக்கு 15 அமெரிக்கச் சதம் வாடகை விதித்தது. ஓகஸ்ட் மாதத்திலே கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சேவை வந்தது. மணிக்கு 10 சதம். கூகிள் 2008 இலும், மைக்ரோசொவ்ற் 2010 இலும் இத்துறையில் தத்தம் சேவைகளை நிலைநாட்டின. 2011 இல் அமெரிக்க நியம, தொழினுட்பத் தேசிய நிறுவனம் முகிற் கணிமைக்கு வரைவிலக்கணம் வகுத்தது. பயனர் தாமே வேண்டியவாறு பெறுதல், வலையமைப்பு வழியே எங்கிருந்தும் அணுகுதல், வளங்களைப் பலர்க்கும் பொதுவாக வைத்தல், தேவைக்கேற்ப விரைந்து விரித்தலும் சுருக்கலும், பயன்பாட்டை அளந்து கணக்கிடல் என்னும் ஐந்தும் அதன் இலக்கணங்களாகும்.

இனி, வணிகர் நோக்கினை எடுத்துக்கொள்வாம். வணிகருக்கு முகில் என்பது முதலீட்டை நாட்செலவாக மாற்றும் ஓர் உபாயம். கணினி வாங்குவோர் பணத்தை முன்னரே முடக்க வேண்டும்; எத்துணைக் கணினி வேண்டப்படும் என்பதையும் முன்னரே ஊகிக்க வேண்டும். ஊகம் மிகுந்தால் முதல் வீணாகும். குறைந்தால் வந்த வாடிக்கையாளர் திரும்பிச் செல்வர்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கினால் இது தெளிவாகும். பரீட்சைப் பெறுபேறுகளை வெளியிடும் ஒரு நிலையத்துக்கு ஆண்டில் மூன்று நாட்களுக்கு 100 கணினிகளும், எஞ்சிய 362 நாட்களுக்கு 5 கணினிகளும் வேண்டும் எனக் கொள்வோம். சொந்தமாக வைத்திருப்பதாயின் 100 கணினிகளை ஆண்டு முழுவதும் பேண வேண்டும். அஃது 36,500 கணினி நாட்களுக்குரிய செலவாகும். வாடகைக்குப் பெறின் மூன்று நாட்களுக்கு 300, எஞ்சிய நாட்களுக்கு 1,810, ஆக 2,110 கணினி நாட்களே வேண்டப்படும். எனவே நாள் வாடகை சொந்தச் செலவைப்போற் பதினேழு மடங்காக இருப்பினும் வாடகையே ஆதாயமாகும். மறுதலையாக, ஆண்டு முழுவதும் 100 கணினிகளும் இடையறாது வேண்டப்படுமாயின், வாடகை சொந்தச் செலவின் இருமடங்காயினும் அது நட்டமே. ஆகவே, முகில் மலிவானதா என்னும் வினாவுக்குப் பொதுவிடை இல்லை. தேவை ஏறி இறங்குவதா, ஒரே சீரானதா என்பதே அதனைத் தீர்மானிக்கும்.

பொறியியலாளர் முதலிற் பழுதையே எண்ணுவர். ஒரு கணினி மூன்றாண்டுக்கு ஒருமுறை பழுதுறும் எனக் கொண்டால், ஆயிரங் கணினிகள் உள்ள இடத்தில் ஏறத்தாழ நாள்தோறும் ஒன்று பழுதுறும். ஆதலின் பழுது நேராது தடுத்தலினும், நேர்ந்தவிடத்துச் சேவை நில்லாது பார்த்தலே அவர்தம் கலையாயிற்று. முற்காலத்திற் கணினிக்குப் பெயரிட்டு, அது நோயுற்றால் இரவு பகலாக இருந்து திருத்தினர். முகிலிலோ பழுதுற்றதை நீக்கிவிட்டு வேறொன்றைச் சில நிமிடங்களில் எழுப்புவர். எழுப்பவேண்டிய முறை முழுவதும் நிரலாக எழுதப்பட்டிருத்தலின் எத்தனை முறையும் பிழையின்றி மீளச் செய்தல் கூடும்.

நெற்பிளிக்ஸ் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்று. 2008 ஓகஸ்ட் மாதத்தில் அதன் தரவுத்தளம் சிதைவுற்றமையால் மூன்று நாட்கள் வாடிக்கையாளர்க்கு இறுவட்டுக்களை அனுப்ப இயலாது போயிற்று. ஒரே இடத்தில் ஒரே தரவுத்தளத்தை நம்பியிருத்தல் தகாதெனத் தெளிந்த அந்நிறுவனம், ஏழாண்டுக்கு மேல் முயன்று, 2016 ஜனவரியில் அமேசன் முகிலுக்குத் தன் மாற்றத்தை நிறைவுசெய்தது. கணினிகளை அப்படியே இடம்மாற்றாது, மென்பொருள்களையே பல சிறு கூறுகளாகப் பிரித்துப் புதிதாக அமைத்தமையாற் காலம் நீண்டது. அன்றியும், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளைத் தற்செயலாய்த் தெரிந்து நிறுத்திவிடும் ஒரு மென்பொருளைத் தாமே இயற்றி, தம் அமைப்பு அப்பழுதைத் தாங்குகின்றதா என அதன் பொறியியலாளர் சோதித்தனர். எனினும், திரைப்படங்களைப் பார்வையாளர்க்குக் கொண்டுசேர்க்கும் பணிக்கு அந்நிறுவனம் தன் சொந்தச் சாதனங்களையே உலகெங்கும் நிறுவியுள்ளது. முகிலைப் போற்றுவோரும் அனைத்தையும் முகிலில் வைத்திலர் என்பது கருதத்தக்கது.

இருதிறத்தாரும் முரண்படும் இடம் மாத முடிவில் வரும் கணக்குச் சீட்டாகும். முன்னர்க் கணினி வாங்க விரும்பும் பொறியியலாளர் மேலதிகாரியின் ஒப்புதலைப் பெற்று வாரக்கணக்கிற் காத்திருந்தார். இப்பொழுது அவர் ஒரு கட்டளையினால் நூறு கணினிகளை எழுப்பலாம். வேலை முடிந்தபின் அவற்றை நிறுத்த மறந்தும் விடலாம். மறக்கப்பட்ட கணினிக்கும் வாடகை ஏறிக்கொண்டேயிருக்கும். விரைவை விரும்பும் பொறியியலாளரும் சிக்கனத்தை விரும்பும் கணக்காளரும் ஒருங்கிருந்து செலவை ஆராயும் வழக்கம் இதனாலேயே பல நிறுவனங்களில் எழுந்தது.

வாடகையை விட்டுச் சொந்தத்துக்கு மீண்டோரும் உளர். ட்ரொப்பொக்ஸ் நிறுவனம் தன் பயனரின் கோப்புக்களிற் பெரும்பகுதியை அமேசனிலிருந்து நீக்கித் தன் சொந்தக் கணினிகளுக்கு மாற்றியது. இதனாலே தன் இயக்கச் செலவு இரண்டாண்டுகளில் 7 கோடியே 46 இலட்சம் டொலராற் குறைந்ததென 2018 இல் வெளியிட்ட ஆவணத்திற் கூறிற்று. 37 சிக்னல்ஸ் என்னும் நிறுவனம் 2022 இல் முகிலுக்காக ஏறத்தாழ 32 இலட்சம் டொலர் செலவிட்ட நிலையில், தன் தேவை சீரானது என்பதைக் காரணங் காட்டி முகிலை விட்டு வெளியேற முடிவு செய்தது. இவை மேற்காட்டிய கணக்கின் மறுபக்கமேயன்றி அதற்கு முரணானவையல்ல. ஆயின், இவ்விரு நிறுவனங்களிலும் அப்பணியை நடத்தவல்ல பொறியியலாளர் முன்னரே இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

வெளியேறுதலும் எளிதன்று. தரவை முகிலுக்குட் கொண்டுவரக் கட்டணம் விதியாத வழங்குநர், அதனை வெளியே கொண்டுசெல்லக் கட்டணம் விதிப்பது வழக்கம். ஒரு வழங்குநருக்கே உரிய சிறப்புச் சேவைகளைக் கொண்டு மென்பொருளை அமைத்தவர், வேறிடம் பெயர வேண்டின் அதனைத் திரும்ப எழுதவும் நேரும். இக்கட்டினை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், 2025 செப்ரெம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டத்தினால், வழங்குநர் மாறுவோர்க்கு விதிக்கும் மாற்றக் கட்டணங்களைக் கட்டுப்படுத்தியது. 2027 ஜனவரி 12 முதல் அக்கட்டணங்களை அறவே விதித்தலாகாது என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு.

பணத்தினும் பழுதினும் முக்கியமானது பிறிதொன்று உண்டு. அதுவே பொறுப்பு. முகில் என்னும் பெயரால் மயங்கினோர், தரவை அங்கு வைத்தவுடன் அதனைக் காக்கும் கடமையும் அங்கே சென்றுவிட்டதெனக் கருதுவர். உண்மை அஃதன்று. கட்டடத்தையும் கணினியையும் காத்தல் வழங்குநர் கடன். எவருக்கு அனுமதி, எத்தரவுக்கு எத்தனை பிரதி என்பவற்றைத் தீர்மானித்தல் பெரும்பாலும் வாடகைக்குப் பெற்றவர் கடன்.

வழங்குநரும் தவறுவர் என்பதற்குச் சான்றுகள் பல. 2017 பெப்ரவரி 28 இல் அமேசன் ஊழியர் ஒருவர் கட்டளையொன்றைப் பிழையாகப் பதித்தமையால், நீக்கக் கருதியவற்றினும் மிகுதியான கணினிகள் நீக்கப்பட்டு, பல இணையத்தளங்கள் சில மணிநேரம் முடங்கின. 2021 மார்ச் 10 இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையமொன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்திற் பிரதி வைத்திராத வாடிக்கையாளர் சிலர் தம் தரவை அடியோடு இழந்தனர்.

ஒப்புநோக்கத்தக்க நிகழ்ச்சிகள் இரண்டு உள. 2023 ஓகஸ்ட் மாத இறுதியில், இலங்கையின் லங்கா அரச முகில் என்னும் அமைப்பு, கோப்புக்களைப் பூட்டிவிட்டுப் பணயப் பணங் கேட்கும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அரச மின்னஞ்சற் கணக்குகள் ஏறத்தாழ ஐயாயிரம் பாதிப்புற்றன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், தாக்குதலுக்கு எட்டாத தனிப்பிரதி இல்லாமையால் மீளவில்லை. 2024 மே மாதத்தில் அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியம் கூகிள் முகிலில் வைத்திருந்த கணக்கு, அமைப்பின்போது நேர்ந்த பிழையொன்றினால் அழிக்கப்பட்டது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவர் ஒரு வாரம் வரையிற் சேவையின்றி இருந்தனர். எனினும், அந்நிதியம் வேறொரு வழங்குநரிடமும் காப்புப் பிரதிகளை வைத்திருந்தமையால் தரவு மீண்டது. முன்னதில் நேர்ந்தது பகைவர் செயல். பின்னதில் நேர்ந்தது வழங்குநர் பிழை. ஆயினும் ஒன்றிலே தரவு அழிந்தமைக்கும் மற்றதிலே மீண்டமைக்கும் காரணமாய் நின்றது முகிலின் பெருமையன்று. தனித்து வைத்த ஒரு பிரதியே.

ஆகவே, ஒரு நிறுவனமோ அரசோ பாடசாலையோ முகிலை நாடுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். தேவை சீரானதா, ஏறி இறங்குவதா? இது வணிகர் விடை கூறவேண்டிய வினா. ஒரு கூறு நின்றால் மற்றவை நில்லாது நடக்குமா? இது பொறியியலாளர் விடை கூறவேண்டிய வினா. வழங்குநர் நாளையே இல்லாது போயின் தரவின் மறுபிரதி எங்கே உள்ளது, அதனை மீட்டுப் பார்த்த நாள் எது? இது தரவுக்கு உரியவர் விடை கூறவேண்டிய வினா. முதலிரண்டுக்கும் உரிய விடைகளை விலை கொடுத்துப் பிறரிடம் பெறலாம். மூன்றாவதற்கு உரியவர் தாமே விடையறிந்திருத்தல் வேண்டும். கணினியை வாடகைக்குப் பெறலாம். அதில் வைத்த தரவுக்குரிய பொறுப்பினை எவரும் வாடகைக்கு விடார்.