கைக்கடிகாரம் ஆளை அறியுமா?

"தம்பி, மகன் வாங்கித் தந்த மணிக்கூட்டுக்கு என்ரை நாடித்துடிப்புத் தெரியுமாம். வேறை ஆர் கட்டினாலும் வேலை செய்யாதாம். உண்மையே?"

சென்ற மாத நேரடி நிகழ்ச்சியில் ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. நேரம் போதாமையால் அரைகுறையாகவே பதில் சொன்னேன். மிகுதியை இங்கே எழுதுகிறேன்.

அம்மாவிடம் இருப்பது ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரம். 2015இல் விற்பனைக்கு வந்த வகை. அதன் அடிப்பக்கத்தில் பச்சை ஒளி மின்னும். குருதி பச்சை ஒளியை உறிஞ்சும். ஆகவே ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறையும். அதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. ஆனால், நேயர்களே, அது யாருடைய துடிப்பு என்று பார்ப்பதில்லை. பூட்டைப் பொறுத்தவரை, கடிகாரம் கையில் இருக்கிறதா, கழற்றியாயிற்றா என்பதே அதற்கு வேண்டியது. மணிக்கட்டில் பச்சை குத்திய சிலருக்கு மை ஒளியை மறைத்ததால், கட்டியிருக்கும்போதே பூட்டிக்கொண்ட வேடிக்கையும் நடந்தது.

உங்களை அடையாளம் காட்டுவது, கட்டியதும் நீங்கள் அழுத்தும் இரகசிய இலக்கம்தான். மண்டப வாசலில் ஒருமுறை நுழைவுச்சீட்டைக் காட்டினால், வெளியே போகும்வரை யாரும் திரும்பக் கேட்பதில்லை அல்லவா? அதே கணக்கு. கழற்றினால் பூட்டு விழும்.

இதயத்தையே கையொப்பமாக்க முயன்றவர்களும் உண்டு, அதுவும் எமது ரொறன்ரோவில். 2013இல் அறிவிக்கப்பட்ட 'நைமி' கைப்பட்டி, இதயத்தின் மின்னலைகள் ஆளுக்காள் வேறுபடுவதை வைத்து அணிந்தவரை இனங்காண முயன்றது. பின்னர் அதில் விரல் அடையாளமும் சேர்ந்தது. அகதியாக வந்திறங்கிய நாளில் பத்து விரலையும் பதித்துக் கொடுத்த எங்களுக்கு ஒன்று விளங்கும்: இலக்கம் வெளியே போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. அதனால் எனக்கு இலக்கம் மேல் என்றே படுகிறது. ஆனால் அதை ஒழுங்காக வைக்க வேண்டும்.

அம்மாவின் வங்கி அட்டையும் கடிகாரத்துக்குள் இருக்கிறது. இலக்கம் தெரிந்த ஒருவர் அதைத் தன் கையில் கட்டி, இலக்கத்தை அழுத்தித் திறந்து, பக்கப் பொத்தானை இருமுறை அழுத்தினால் கடையில் பணம் கட்டலாம். அவருடைய துடிப்பையும் அது மறுப்பில்லாமல் எண்ணும்.

நான்கு இலக்கத்துக்கு மேலும் வைக்கலாம். கடிகார அமைப்பில் 'எளிய இலக்கம்' என்பதை நிறுத்திவிட்டால் சரி. தொலைந்தால் கைத்தொலைபேசியில் 'தொலைந்தது' எனக் குறித்துவிட்டு, உடனே வங்கிக்கும் அறிவியுங்கள்.

அம்மா, உங்கள் இலக்கம் பிறந்த ஆண்டு என்று வானொலியிலேயே சொல்லிவிட்டீர்கள். இன்றைக்கே மகனைக் கூப்பிட்டு மாற்றுங்கோ.